கறுப்பு வெள்ளாட்டின் காது

அச்சத்தில் பிறந்த கதைகள் – 9

2015 ஜனவரி 12, திங்கட்கிழமை. பொங்கலுக்கு மூன்றே நாள் இருந்தது. நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் ஓர் அமைதிப் பேச்சு நடந்தது. வாய்க்கால் தண்ணீர், வண்டித்தடம், கோயிலில் முதல் மரியாதை என்று கொங்கு நாட்டு ஊர்களில் ஆண்டு முழுக்க நடக்கிற பேச்சுதான். தரப்புகளை வரவழைத்து, காகிதத்தில் நாலு வரி எழுதி, கையெழுத்து வாங்கி, சுமுகமாக முடிந்தது என்று கோப்பைக் கட்டிவிடுவார்கள். அன்றைக்கு வந்த தகராறோ நாலாண்டுக்கு முன் அச்சான ஒரு நாவலைப் பற்றியது. ஒரு பக்கம் திருச்செங்கோட்டிலிருந்து வந்த சாதி அமைப்பினரும் பக்தர் அமைப்பினரும். மறுபக்கம் ஒரே ஆள்: நாமக்கல் அரசு கலைக் கல்லூரித் தமிழாசிரியர், பெருமாள்முருகன்.

நாவல் ‘மாதொருபாகன்’. 2010இல் காலச்சுவடு வெளியிட்டது. வெள்ளைக்காரன் காலத்துத் திருச்செங்கோட்டுப் பக்கம், பிள்ளையில்லாத காளி – பொன்னா தம்பதியின் கதை. அர்த்தநாரீசுவரர் தேர்த் திருவிழாவின் ஓர் இரவு பற்றி அதில் வரும் பகுதிதான் சண்டைக்குக் காரணம். நாலு வருடம் யாரையும் உறுத்தாத அந்தப் பகுதி, ஆங்கில மொழிபெயர்ப்பு வந்து ஓராண்டு கழித்து, 2014 டிசம்பர் கடைசியில் திடீரென்று ஊரை உறுத்தியது. புத்தகம் தெருவில் எரிந்தது, கடைகள் அடைத்தன, எழுத்தாளரின் வீட்டுத் தொலைபேசி ஓயாமல் அடித்தது. எல்லாரும் நாவலைப் படித்துவிட்டுத்தான் வந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நகலெடுத்த சில பக்கங்கள் கைமாறின. அதுவே போதுமானதாக இருந்தது.

அன்று மாலை அவர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்திட்டார். விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாகவும், பிரச்சினைக்குரிய பகுதிகளை இனிவரும் பதிப்புகளில் நீக்குவதாகவும் ஒப்புக்கொண்டார். அரசு எந்தத் தடையாணையும் பிறப்பிக்கவில்லை. நீதிமன்றம் எதையும் விசாரிக்கவில்லை. ஒரு நாவல் நின்றுபோவதற்கு மேசை, காகிதம், வெளியே ஒரு கூட்டம், உள்ளே ஒரு வருவாய் அதிகாரி என்ற இவ்வளவே தேவைப்பட்டது. ஓரிரு நாளில் தன் முகநூல் பக்கத்தில் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டதாக அவரே அறிவித்தார். தான் கடவுள் அல்ல, ஆகவே உயிர்த்தெழப்போவதில்லை, மறுபிறவியிலும் நம்பிக்கையில்லை, இனி பெ. முருகன் என்கிற ஆசிரியன் மட்டுமே உயிரோடு இருப்பான் என்பது அதன் சாரம். தன் புத்தகங்களை விற்கவேண்டாம் என்று பதிப்பாளர்களையும் கேட்டுக்கொண்டார்.

இந்தத் தொடரைத் தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு இங்கே ஒரு முகம் ஞாபகம் வரும். யெவ்கனி ஜமியாத்தின். பனி உடைக்கும் கப்பல் கட்டுவதை மேற்பார்வையிட 1916இல் இங்கிலாந்தின் நியூகாஸிலுக்குப் போன ருஷ்யப் பொறியாளர். ஊர் திரும்பி, 1920 – 21இல் ‘நாங்கள்’ எழுதினார். கண்ணாடிச் சுவர் வீடுகளில் பெயரில்லாமல் எண்களாக வாழும் மனிதர்களின் கதை. சொந்த நாட்டில் அச்சேறாமல் 1924இல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில்தான் முதலில் வெளிவந்தது; ருஷ்யாவில் அது அச்சாக 1988 ஆயிற்று. 1931இல் அவர் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். எழுதவிடாமல் செய்வது எழுத்தாளனுக்கு மரண தண்டனை, ஆகவே நாட்டைவிட்டுப் போக விடுங்கள் என்று கேட்டார். ஆச்சரியம், போகவிட்டார்கள். 1937இல் பாரிஸில் வறுமையில் இறந்தார்.

லெனின்கிராடில் ஒருவர் தன் எழுத்தின் சாவைப் பற்றிச் சர்வாதிகாரிக்கு எழுதுகிறார். நாமக்கல்லில் ஒருவர் தன் எழுத்தின் சாவை ஊருக்கு அறிவிக்கிறார். இரண்டையும் சமமென்று சொல்ல நான் வரவில்லை. கொங்கு நாட்டில் ஸ்டாலின் இல்லை, முள்வேலி முகாம்களும் இல்லை. இங்கே தேர்தல் உண்டு, பத்திரிகை உண்டு, நீதிமன்றம் உண்டு. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் வழக்குப் போட்டது. 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் அந்த அமைதிப் பேச்சு ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்து, எழுத்தாளன் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்று முடித்தார்கள். ஜமியாத்தினுக்கு அப்படி ஒரு நீதிமன்றம் வாய்க்கவில்லை.

ஆனால் வேறொரு விஷயம் இருக்கிறது. உயிர்த்தெழுந்தவர் அதே ஆண்டு முடிவதற்குள் என்ன எழுதினார் என்பது.

*

‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ 2016 டிசம்பரில் வந்தது. முன்னுரையிலேயே ஆசிரியர் தன் நிலைமையை விளக்கிவிடுகிறார். மனிதர்களைப் பற்றி எழுதப் பயம். கடவுள்களைப் பற்றி எழுத அதைவிடப் பயம். அசுரர்களைப் பற்றி எழுதலாம் போலிருக்கிறது. விலங்குகளில் மாடும் பன்றியும் ஆகாது. நாயும் பூனையும் கவிதைக்குச் சரி. மிச்சமிருப்பது ஆடு. அதிலும் வெள்ளாடு சுறுசுறுப்பானது, கதைக்கு வளைந்துகொடுக்கும். நையாண்டி போலத்தான் இருக்கிறது. 2016இல் இந்தியாவில் மாட்டைப் பற்றி எழுதினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

அசுரர்கள் வாழும் பூமி. அந்தி நேரத்தில் மேட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவனிடம், பூதம் போல உயர்ந்த ஒருவன் வந்து ஒரு குட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரே ஈற்றில் ஏழு போட்ட ஆட்டின் கடைசிக் குட்டி என்கிறான். புழு மாதிரி இருக்கிறது, அட்டைக் கறுப்பு. கிழவி அதை மடியில் போட்டு வளர்க்கிறாள். பருந்து தூக்கப் பார்க்கிறது, காட்டுப்பூனை கவ்வப் பார்க்கிறது. இதுவரை இது பண்ணயக் கதைதான். மேட்டாங்காட்டில் ஆடு மேய்த்து வளர்ந்தவர் எழுதியது என்று ஒவ்வொரு வரியும் சொல்லும். கொழை ஒடித்துப் போடுவதிலிருந்து குட்டி முட்டிக் குடிப்பது வரை அவருக்குத் தெரியாத ஒன்றும் ஆட்டில் இல்லை.

பிறகு அரசாங்கம் வருகிறது.

பிறந்த ஒவ்வொரு குட்டியையும் கொண்டுபோய்ப் பதிந்து, காது குத்தி, அடையாளம் மாட்டிக்கொண்டு வரவேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். கிழவி குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்கிறாள். வெயில். வரிசை நகரவில்லை. நிற்கிறவர்கள் மெல்லப் பேசிக்கொள்கிறார்கள். கொஞ்சம் அதிகம் பேசிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் அடக்குகிறார், அரசாங்கத்துக்குக் காது எல்லாப் பக்கமும் உண்டு என்று. கறுப்பு ஆடென்றால் அரசாங்கத்துக்குப் பிடிக்காது. இருட்டில் கண்ணுக்குத் தெரியாதே. உள்ளே போனால் கேள்விகள்: எங்கே கிடைத்தது, தாய் எது, யார் கொடுத்தது? ஒரு பூதம் கொண்டுவந்து கொடுத்தது என்று எந்த அதிகாரியிடம் சொல்ல முடியும்? கிழவி பொய் சொல்கிறாள். பொய் சொல்லாமல் அந்த அறையிலிருந்து யாரும் வெளியே வரமுடியாது. தன் குடிகளையே எந்த நேரத்திலும் எதிரியாகவும் துரோகியாகவும் மாற்றிவிடும் சக்தி அந்த ஆட்சிக்கு இருக்கிறது என்று கதை போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

கொங்கு நாட்டில் காதுகுத்து என்பது குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில், கெடா வெட்டோடு நடக்கிற சந்தோஷம். அதை எடுத்து அரசாங்கத்தின் கையில் கொடுத்தது பெருமாள்முருகனின் குரூரமான நகைச்சுவை. நாவல் வெளியான பிறகு நம் ஊர் மாடுகளின் காதில் 12 இலக்க எண் பொறித்த மஞ்சள் பட்டை ஏறிவிட்டது. தடுப்பூசிக்கும் காப்பீட்டுக்கும் நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ‘பூனாச்சி’ படித்தவர்களுக்கு அந்த மஞ்சள் பட்டையைப் பார்க்கும்போது ஒரு நொடி தயக்கம் வரத்தான் செய்யும்.

இந்த நாவலின் ஆட்சிக்கு ராஜா இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ஆர்வெல்லின் கதையில் சுவரெங்கும் ஒரு மீசை முகம் உண்டு. ஜமியாத்தினின் நாட்டில் ஓர் ‘உபகாரி’ உண்டு. பூனாச்சியின் நாட்டில் தலைவன் யாரென்றே தெரியாது. தெரிவதெல்லாம் ஒரு மேசை, ஒரு பதிவேடு, ஒரு வரிசை. 2015 ஜனவரியில் அவர் கண்டதும் அதுதானே. அவரை யாரும் சர்வாதிகாரி பெயரால் மிரட்டவில்லை. ஊர் அமைதி என்ற பெயரால் ஓர் அலுவலகம் கையெழுத்து வாங்கியது.

*

பதிவேட்டுக்கு இந்த மண்ணில் பழைய வேர் உண்டு. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால், அதாவது இன்றைய சேலம் – தருமபுரி – கிருஷ்ணகிரிப் பகுதி, கும்பெனியின் கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை வசூலுக்கு அனுப்பினார்கள். அவரிடம் உதவியாளராக இருந்தவர் தாமஸ் மன்றோ. ஜமீன்தார் வழியாக வாங்காமல் ஒவ்வொரு குடியானவனின் ஒவ்வொரு காட்டையும் அளந்து, பெயரெழுதி, நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை அங்கேதான் உருக்கொண்டது. 1799இல் கோயமுத்தூரும் கும்பெனிக்கு வந்தது. 1820இல் மன்றோ கவர்னராகி அதைச் சென்னை மாகாணத்தின் பொது முறையாக்கினார். பட்டா, சிட்டா, அடங்கல் என்று இன்றும் நம் தாத்தாக்களின் டிரங்குப் பெட்டியில் இருப்பதெல்லாம் அந்த வம்சம்.

மன்றோவைக் கொடுங்கோலன் என்று நான் சொல்லவில்லை. நல்லவர் என்று மக்களே சொல்லி வைத்திருக்கிறார்கள். நல்லவர் எழுதிய பதிவேடும் பதிவேடுதான். 1877இல் தாது வருஷப் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது சர் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கணக்கில், நாள் முழுக்கக் கல் உடைத்த ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் கூலி. சேலமும் கோயமுத்தூரும் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேர்ந்தவை. 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறந்த சாதியைக் கொண்டே மனிதர்களைப் பதிவேட்டில் ஏற்றி ரேகை பிடித்தது. ‘பூனாச்சி’யில் பஞ்சமும் வருகிறது, பதிவேடும் வருகிறது. கற்பனை நாட்டின் சட்டதிட்டங்களில் புதிதாகக் கண்டுபிடித்தது மிகக் குறைவு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்தியச் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். குடியரசு பிறந்து பதினாறே நாள். அதற்கு நாலு வருடம் முன்பு, 1946 ஜனவரி 8 அன்று, சின்னியம்பாளையம் மில் தொழிலாளர்கள் நாலு பேர் கோவைச் சிறையில் தூக்கில் தொங்கினார்கள். இந்த மரணங்களுக்குக் கொடி உண்டு, ஆண்டுதோறும் அஞ்சலி உண்டு. கற்பனைக் கதை மட்டும் இல்லை. ஏன் என்ற கேள்வி எனக்கு நீண்ட காலமாகவே உண்டு.

ஒரு விடை, சினிமாவில் இருக்கிறது. சேலம் ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸும் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் அந்த ஆண்டுகளில் ராஜா ராணிப் படங்களை வரிசையாக எடுத்தன. கோவையில் எடுத்த ‘ராஜகுமாரி’ 1947. சேலத்தில் எடுத்த ‘மந்திரி குமாரி’ 1950. அடுத்த வருடமே அதே மாடர்ன் தியேட்டர்ஸ் எம்.ஜி.ஆரை வைத்து எடுத்த படத்தின் பெயரே ‘சர்வாதிகாரி’. கொடிய ராஜகுருவும் சதிகார மந்திரியும் அட்டை அரண்மனையில் நின்று வசனம் பேசினால், கொட்டகையில் இருந்தவன் அதை யாருக்கான வசனமாக எடுத்துக்கொண்டான் என்று சொல்லவேண்டியதில்லை. ‘மந்திரி குமாரி’க்கு வசனம் எழுதியவர் கருணாநிதி. தணிக்கைக்காரர் பார்த்தால் பழங்காலக் கதை. மில் ஷிப்ட் முடிந்து டிக்கெட் வாங்கியவன் பார்த்தால் அன்றைய செய்தி. தமிழனின் முதல் கெட்ட ராஜ்ஜியக் கதைகள் எதிர்காலத்தில் நடக்கவில்லை. தகர வாள் பிடித்த பழங்காலத்தில் நடந்தன.

இன்னொரு விடை கொஞ்சம் சங்கடமானது. கோவை, இடதுசாரி வாசகர்களின் ஊர். நியூ செஞ்சுரி புத்தக நிலையம் கொண்டுவந்த சோவியத் புத்தகங்கள் மலிவு, கட்டு நேர்த்தி, காகிதம் வழவழப்பு. தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்த்த கார்க்கியின் ‘தாய்’ மில் தொழிலாளி வீடுகளில்கூட இருந்தது. அதே கார்க்கியின் நண்பரான ஜமியாத்தினை யாருக்கும் தெரியாது. க.நா.சு. ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யைத் தமிழில் கொடுத்தார், அதை அமெரிக்கக்காரன் பிரசாரம் என்று ஒதுக்கியவர்கள் அநேகம். முழுக்கத் தப்பும் இல்லை, பனிப்போர் காலத்தில் அந்தப் புத்தகத்தை உலகமெங்கும் பரப்ப அமெரிக்கப் பணம் செலவானது உண்மைதான். ஆனால் பிரசாரத்துக்குப் பயன்பட்டது என்பதால் பன்றிகள் பொய்யாகிவிடுமா? கோவையிலேயே இருந்து, மார்க்சியத்தை விடாமல் ஸ்டாலினியத்தைக் கேள்வி கேட்டவர் என்று ஞானியைத்தான் முதலில் சொல்லவேண்டும். 1971இல் இந்த ஊரில் தொடங்கிய ‘வானம்பாடி’க் கவிஞர்களோடு இருந்தவர், பின்னால் ‘நிகழ்’ நடத்தியவர். எஸ்.வி. ராஜதுரையின் ‘ரஷ்யப் புரட்சி: இலக்கிய சாட்சியம்’ ருஷ்ய எழுத்தாளர்கள் பட்ட பாட்டைத் தமிழில் சொன்னது. 1999இல் ஜெயமோகனின் ‘பின்தொடரும் நிழலின் குரல்’ வந்தபோது சோவியத் ஒன்றியமே இல்லை. தாமதமாகத்தான் வந்தோம்.

நெருக்கடி நிலையாவது ஒரு நாவலைக் கொடுத்திருக்கவேண்டும். 1975 ஜூன் 25 இரவு தொடங்கி 1977 மார்ச் 21 வரை. ஷா கமிஷன் கணக்கில், விசாரணையில்லாமலும் பாதுகாப்பு விதிகளின் கீழும் நாடு முழுக்கச் சிறை வைத்தவர்கள் 1,10,806 பேர். தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி 1976 ஜனவரி 31 அன்று கலையும்வரை பிடி அவ்வளவு இறுகவில்லை. கலைந்த பிறகு மிசா என்றால் என்ன என்று நமக்கும் தெரிந்தது. சோ தன் ‘துக்ளக்’ அட்டையைக் கறுப்பாக அச்சிட்டார். கிண்டலும் மேடைப் பேச்சும் சிறைக் குறிப்பும் நிறைய வந்தன. அந்த இருபத்தொரு மாதத்தை அடியோடு வேறொரு உலகமாக்கிக் காட்டிய பெரிய தமிழ் நாவல் எதையும் நான் சொல்லமாட்டேன். கட்சிகள் அதை உடனே தங்கள் தியாகப் பட்டியலாக்கிக்கொண்டன. பட்டியலாகிவிட்ட அனுபவத்தில் நாவலாசிரியனுக்கு வேலை குறைவு.

*

இதற்கு எதிர்த்திசையில் ஒரு புத்தகம் இருக்கிறது. சத்தியமங்கலத்துக்கு மேலே, திம்பம் கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால், தாளவாடி மலைக்காட்டுச் சோளகர்களைப் பற்றியது. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’, 2004இல் வந்தது. பாலமுருகன் வழக்கறிஞர், மனித உரிமைச் செயற்பாட்டாளர். வீரப்பனைப் பிடிக்கவென்று தமிழ்நாடும் கர்நாடகமும் அனுப்பிய அதிரடிப்படை மலையில் இருந்த ஆண்டுகள் அவருக்கு வழக்குக் கட்டுகளாகக் கிடைத்தவை. மாதேசுவரன் மலையில் விசாரணைக்கென்று ஒரு கூடம் இருந்தது. அதற்குப் படையினர் வைத்த பெயர் ‘ஒர்க் ஷாப்’. மின்சாரம் பாய்ச்சுவது, தலைகீழாகத் தொங்கவிடுவது, பெண்களைச் சிதைப்பது எல்லாம் நாவலில் வருகிறது. நாவல் வந்த அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று வீரப்பன் சுடப்பட்டான். தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு கேட்ட சாட்சியங்களின்பேரில் 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு அறிவித்தார்கள். தருமபுரி மாவட்டத்து வாச்சாத்திக் கிராமத்தில் நடந்த வன்கொடுமையும் இதே காலத்தது: 1992 ஜூன் 20. அந்த வழக்கில் குற்றம் சாட்டிய 269 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2011 ஆயிற்று.

அரசு வன்முறை என்று பார்த்தால் ‘சோளகர் தொட்டி’ சொல்வதோடு நாமக்கல் அலுவலக மேசையை ஒப்பிடவே முடியாது. ஆனால் பாலமுருகனுக்கு அசுரர் உலகம் தேவைப்படவில்லை. ஆடு பேசவேண்டியிருக்கவில்லை. ஊர்ப் பெயர், குல வழக்கம், பீனாச்சி ஊதும் கூத்து, ராகிக் காடு, முகாம் என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். எழுதமுடிந்தது. காரணம், அது சாட்சியம். பாதிக்கப்பட்டவர்கள் சொல்லவேண்டும் என்று விரும்பினார்கள். எழுதியவரைச் சுற்றியிருந்தவர்கள் அதைச் சொல்லக்கூடாது என்று நிற்கவில்லை.

பெருமாள்முருகன் நிலைமை தலைகீழ். அவர் எழுதிய ஊரே அவர் ஊர். புத்தகத்தை எரித்தவர்களில் அவரிடம் படித்தவர்களின் உறவினர்கள் இருந்திருப்பார்கள். அடுத்த நாளும் அதே பேருந்து நிலையம், அதே மளிகைக் கடை. கடைசியில் அவரும், அதே கல்லூரியில் கற்பித்த அவர் மனைவியும் மாற்றல் வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போகவேண்டியிருந்தது. அவர் மட்டுமல்ல, 2015 பிப்ரவரியில் கரூர்ப் பக்கத்தில் புலியூர் முருகேசன் தன் சிறுகதைக்காக அடி வாங்கினார். இப்படிப்பட்ட இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சங்கம் கிளம்பும். பெயரில்லாத ஊர், அசுர சாதி, கறுப்பு ஆடு – இவற்றுக்கு மானநஷ்டம் கேட்க ஆளில்லை.

ஆக, என் கணிப்பு இது. கெட்ட ராஜ்ஜியத்தின் கற்பனைக் கதை கொடுமை உச்சத்தில் இருக்கும் இடத்தில் பிறப்பது குறைவு. அங்கே உயிர் பிழைத்தால் சாட்சியம் பிறக்கும். எழுத இன்னும் கொஞ்சம் இடமிருந்து, எழுதுவதை யாரோ எட்டிப் பார்த்துக்கொண்டும் இருக்கிற இடத்தில்தான் உருவகம் வேலைக்கு வருகிறது. ஆர்வெல்லின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘விலங்குப் பண்ணை’யை அவர் எழுதியது 1943 நவம்பர் தொடங்கி 1944 பிப்ரவரி வரை, சர்வாதிகாரம் இல்லாத லண்டனில். ருஷ்யா அப்போது நேச நாடு, ஸ்டாலினைத் திட்டுவது அநாகரிகம். பதிப்பாளர் ஜொனாத்தன் கேப், தகவல் அமைச்சகத்தில் ஒருவரிடம் யோசனை கேட்டார். வேண்டாமே என்றார் அவர். கேப் கைவிட்டார். ஃபேபர் நிறுவனத்துக்காக மறுத்தவர் டி.எஸ். எலியட். தடை ஆணை இல்லை, சிறை இல்லை; ஓர் அலுவலகத்தில் ஒரு நண்பர் சொன்ன யோசனை. புத்தகம் 1945 ஆகஸ்டில்தான் வந்தது. வேண்டாமென்று சொன்ன அந்த அதிகாரி சோவியத் உளவாளி என்று பின்னாளில் தெரிந்தது வேறு கதை.

அந்த நாவலின் முதல் பொறி எங்கே விழுந்தது என்றும் ஆர்வெல் எழுதியிருக்கிறார். கிராமத்தில், குறுகிய பாதையில், பத்து வயதுப் பையன் ஒருவன் பெரிய வண்டிக்குதிரையைச் சாட்டையால் அடித்து ஓட்டிக்கொண்டு போகிறான். அந்தக் குதிரைக்குத் தன் பலம் தெரிந்துவிட்டால்? கேட்டவர் பர்மாவில் 1922 முதல் 1927 வரை போலீஸ் உத்தியோகம் பார்த்து, சாட்டையின் இந்தப் பக்கம் இருந்தவர். பெருமாள்முருகனோ அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அதனால்தான் அவர் ஆடுகள் புரட்சி செய்வதில்லை. பூனாச்சி எவருக்கும் எதிராக ஒரு வார்த்தை பேசுவதில்லை. பெண் ஆடாக வளர்கிறாள், பூவன் என்ற கிடாவிடம் மனம் போகிறது, அது பறிபோகிறது, ஈன்று ஈன்று தேய்கிறாள், பஞ்சம் வருகிறது, கடைசியில் கல்லாகிறாள். ஊர் அவளைத் தெய்வமாக்கிவிடுகிறது. தின்னக் கொடுக்க முடியாத உயிரைக் கும்பிடத் தொடங்குவது நம் பக்கத்து வழக்கம்தான். கொங்கு நாட்டில் வேப்பமரத்தடிக் கல்லுக்கெல்லாம் அப்படி ஒரு பெண்ணின் கதை இருக்கும்.

விமர்சகர்கள் சிலர் ‘பூனாச்சி’யில் அரசியல் பாதியிலேயே காணாமல் போய்விடுகிறது, பிற்பகுதி ஆட்டின் குடும்பக் கதையாகிவிட்டது என்றார்கள். படித்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. காது குத்திய பிறகு அந்த ஆட்சி மறுபடி அதிகம் வரவேண்டியதில்லை. ஒருமுறை வரிசையில் நின்ற கிழவி, மிச்ச வாழ்நாள் முழுக்கத் தன் வாயைத் தானே பார்த்துக்கொள்கிறாள். ஜனவரி 12க்குப் பிறகு எழுத்தாளருக்கும் அதுதான் நடந்தது. எழுதும்போது தனக்குள் ஒரு தணிக்கைக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று அவரே பேசியிருக்கிறார். நீதிமன்றம் ஒப்பந்தத்தை ரத்துச் செய்தது. அந்த ஆளை எழுந்து போகச் சொல்ல எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை.

அடுத்த இதழில் பாலக்காட்டுக் கணவாயைக் கடக்கிறோம். கோவையிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் தூரத்திலுள்ள அந்த மண்ணின் ஒ.வி. விஜயன், ‘தர்மபுராணம்’ என்ற நாவலை எழுதி முடித்து, 1975 ஜூலையில் மலையாள வார இதழ் ஒன்றில் தொடராக வரக் கொடுத்திருந்தார். மலத்தைப் பிரசாதமாக்கும் ஒரு ராஜாவின் கதை. ஜூன் 25 இரவு இந்திரா காந்தி முந்திக்கொண்டார். கதையை முன்பே எழுதிவிட்டு, ராஜ்ஜியம் பின்னால் வந்து சேர்வதைப் பார்த்த எழுத்தாளர் என்ன செய்தார், 1977 வரை அந்தக் கைப்பிரதியை எப்படி வைத்திருந்தார் என்று பார்க்கலாம்.